மாடிப்படி விளக்கும் இரண்டு சுவிட்சும்

மாடிப்படிக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் விளக்கு எரியும். எதைத் தட்டினாலும் அணையும். இன்றைக்குக் கட்டுகிற மாடி வீடுகளில் இது சாதாரணம். யாரும் இதை ஒரு விஷயமாகவே நினைப்பதில்லை.

ராணிப்பேட்டை, வாலாஜா, மேல்விஷாரம், ஆம்பூர் என்று இந்தத் தோல் பேட்டைகளில் 1969 முதல் 2009 வரை நாற்பது வருடம் ஒயரும் டெஸ்டருமாகக் காலம் தள்ளியவன் நான். முதலில் டேனரிகளில் ஹெல்பர், பிறகு ஒயர்மேன், கடைசி முப்பது வருடம் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் மின் பராமரிப்புப் பிரிவு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்த இரண்டு சுவிட்சுக்குள் ஒரு சின்ன சரித்திரமே இருக்கிறது. நம் பக்கத்து வெளிச்சத்தின் சரித்திரம் என்றும் சொல்லலாம். அதில் ஒரு பாடமும் இருக்கிறது. விளக்கு அணைந்திருப்பது வேறு, மின்சாரம் நின்றிருப்பது வேறு என்பதுதான் அது.

வெளிச்சம் வந்த வரிசை

நம் ராணிப்பேட்டை ஸ்கடர் ஆஸ்பத்திரியை டாக்டர் சைலஸ் ஸ்கடர் 1866-ல் தொடங்கினார். அப்போது உலகத்தில் எந்த ஊர் வீட்டிலும் மின்விளக்கு கிடையாது. எடிசனும் ஸ்வானும் பல்பை உருப்படியாக எரியவிட்டதே 1879 வாக்கில்தான். சென்னையில் 1895-ல் மின்சார டிராம் ஓடியது. இந்தியாவிலேயே அதுதான் முதல் மின்சார டிராம். ஆனால் டிராம் ஓடிய ஊருக்கும் நமக்கும் நடுவே எழுபது மைல் இருட்டு இருந்தது.

1932-ல் நீலகிரி பைகாரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கோயம்புத்தூர் மில்களுக்கு அதனால் யோகம் அடித்தது. 1934-ல் மேட்டூர் அணை முடிந்து, 1937-ல் அங்கே மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். நம் வட ஆற்காடு பக்கம் பெரிய கம்பி வந்தது மேட்டூர் புண்ணியத்தில்தான். 1957 ஜூலை 1-ல் மின்சார வாரியம் அமைந்தது. காமராஜர் முதலமைச்சராக இருந்த அந்த வருடங்களில் கிராமம் கிராமமாகக் கம்பம் நட்டார்கள். எங்கள் தெருவில் கம்பம் நட்டபோது நான் ஆறாம் வகுப்பு. குழி தோண்டுகிறவர்களைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்ததற்கு வீட்டில் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது.

கம்பம் எல்லோர் தெருவுக்கும் வந்தது. வெளிச்சம் எல்லோர் வீட்டுக்கும் ஒரே மாதிரி வரவில்லை. முதலில் அரிசி மில்லும் பம்ப் செட்டும் டேனரியும். பிறகு கடைகள். பிறகு காரை வீடுகள். குடிசைக்குக் கடைசியில்தான் வந்தது, அதுவும் ஒரு விளக்கு இணைப்பாக. ஒரு வீடு, ஒரு பல்பு, ஒரு சுவிட்ச். கூடத்தின் நடுவில் அந்த 40 வாட் பல்பு தொங்கும். அடுப்படிக்குப் பாதி வெளிச்சம், திண்ணைக்கு மீதி.

அதே காலத்தில் ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் தோல் வியாபாரிகளின் மாடி வீடுகளில் ஒரே விளக்குக்கு இரண்டு சுவிட்ச் இருந்தது. நான் ஹெல்பராகச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்து வாயைப் பிளந்தேன். எங்கள் வீட்டில் ஒரு சுவிட்சுக்கே ஒரே ஒரு விளக்கு. இங்கே ஒரு விளக்குக்கு இரண்டு சுவிட்ச்! பணக்காரர்கள் வீட்டு வேடிக்கை என்றுதான் அன்று நினைத்தேன். இருட்டில் படி இறங்கி விழுந்தவர்களைப் பார்த்த பிறகுதான் அது வேடிக்கை இல்லை என்று தெரிந்தது. கீழே மட்டும் சுவிட்ச் இருந்தால், மாடிக்குப் போய்ப் படுக்கிறவர் விளக்கை எரியவிட்டுப் படுக்க வேண்டும், இல்லை அணைத்துவிட்டு இருட்டில் தடவி ஏற வேண்டும். ராத்திரி ஒன்றுக்கு இறங்கி வருகிற வயதானவருக்கு வேறு வழியே இல்லை.

சுவிட்சும் ஒயரும்

பழைய சுவிட்சை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வட்டமான மரக்கட்டை, அதன் மேல் கறுப்பு பேக்கலைட் மூடி, நடுவில் மூக்கு மாதிரி ஒரு குமிழ். தட்டினால் "டக்" என்று சத்தம் வரும். அந்த டக் சத்தத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஆரம்பகால சுவிட்சுகளில் தொடும் இடம் மெதுவாகப் பிரிந்தது. மெதுவாகப் பிரிந்தால் நடுவில் தீப்பொறி நீண்டு நின்று உலோகத்தைத் தின்றுவிடும். 1884-ல் இங்கிலாந்தின் நியூகாஸில் ஊரைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பவர் சட்டென்று பிரியும் சுவிட்சைச் செய்தார். நம் விரல் எவ்வளவு மெதுவாகத் தள்ளினாலும் உள்ளே ஸ்பிரிங் வெடுக்கென்று இழுத்துவிடும். நாம் தட்டி வளர்ந்த சுவிட்சுகளெல்லாம் அந்த வம்சம்தான்.

ஒயரிங்கும் இன்றைக்கு மாதிரி சுவருக்குள் மறையாது. பெரிய வீடுகளில் தேக்கு மரத்தில் இரண்டு பள்ளம் வெட்டி, ஒயரைப் படுக்க வைத்து, மேலே மூடிப் பலகை அடிப்போம். கேசிங் கேப்பிங் என்று பெயர். பிறகு வந்தது பேட்டன் ஒயரிங்: பட்டை மரத்தை அடித்து, அதன்மேல் ஒயரைத் தகரக் கிளிப்பால் கவ்வ வைப்பது. சுவரில் உளியால் ஓட்டை போட்டு மரக்கட்டி இறக்கி, சிமெண்ட் பூசி, மறுநாள் வந்து ஸ்குரூ முடுக்க வேண்டும். ஒரு மாடிப்படி விளக்குக்கே ஒரு நாள் வேலை. ஒயரின் ஒவ்வொரு கஜத்துக்கும் முதலாளி கணக்குக் கேட்பார். இதை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் விபரீதத்துக்கு விதை இங்கேதான் இருக்கிறது.

வாலாஜா ரோடு ஜங்ஷன் கணக்கு

டூ-வே சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்று எங்கள் மேஸ்திரி எனக்குச் சொன்ன விதம் இன்றுவரை மறக்கவில்லை. சாதாரண சுவிட்சில் இரண்டு முனை. டூ-வேயில் மூன்று முனை: நடுவில் ஒரு காமன், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. சாதாரண சுவிட்ச் கதவு மாதிரி, திறக்கும் அல்லது மூடும். டூ-வே அப்படி இல்லை. அது ரயில் பாதையில் தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயிண்ட் மாதிரி.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரைதான் வந்தது. அதனால் இந்த உதாரணம் நமக்குப் பொருத்தம். "தம்பி, ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ரெண்டு தண்டவாளம் கீதுன்னு வச்சிக்க. இந்தக் கோடியில ஒரு பாயிண்ட்ஸ்மேன், அந்தக் கோடியில ஒரு பாயிண்ட்ஸ்மேன். ரெண்டு பேரும் ஒரே லைனுக்குத் திருப்பி வச்சிருந்தா வண்டி போவும். ஆளுக்கொரு லைனுக்குத் திருப்பினா வண்டி நிக்கும். எவன் மனசு மாறினாலும் நின்ன வண்டி போவும், போற வண்டி நிக்கும். அவ்ளோதான்" என்றார்.

உண்மையில் அவ்வளவுதான். ஃபேஸ் ஒயர் கீழ் சுவிட்சின் காமனுக்கு வரும். அங்கிருந்து இரண்டு இணை ஒயர்கள் மேல் சுவிட்சுக்குப் போகும். மேல் சுவிட்சின் காமனிலிருந்து ஒரு ஒயர் விளக்குக்கு. விளக்கின் மறுமுனை நேராக நியூட்ரல். அந்த நியூட்ரலை எந்த சுவிட்சும் தொடாது. இந்தக் கடைசி வாக்கியம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம்.

மூன்றாவது இடத்திலும் சுவிட்ச் வேண்டுமென்றால், நடுவில் இன்னொரு வகை சுவிட்ச் போட வேண்டும். அதற்கு நான்கு முனை. இரண்டு தண்டவாளத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிடுவதுதான் அதன் வேலை. இன்டர்மீடியட் சுவிட்ச் என்பார்கள். நான்கு இடம், ஐந்து இடம் என்று எத்தனை வேண்டுமானாலும் நடுவில் சேர்த்துக்கொண்டே போகலாம். முதலும் கடைசியும் மட்டும் டூ-வே.

இதில் ஒரு வேடிக்கையான ஒற்றுமை. மேட்டூர் மின்சாரம் வந்த அதே 1937-ல், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கிளாட் ஷானன் என்ற 21 வயது மாணவர் ஓர் ஆய்வேடு எழுதினார். சுவிட்சுகளின் தொடர்பை ஆம், இல்லை என்ற தர்க்கக் கணக்காகவே எழுதிவிடலாம் என்று காட்டினார். கம்ப்யூட்டருக்கு அது ஓர் அஸ்திவாரம். நம் மாடிப்படி விளக்கும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்: இரண்டு சுவிட்சும் ஒத்துப்போனால் ஒரு விடை, மாறுபட்டால் இன்னொரு விடை. பேரன் கையிலிருக்கும் செல்போன் உள்ளே எண்களைக் கூட்டுவதும் இதே கணக்கைக் கோடிக்கணக்கில் அடுக்கித்தான்.

தோல் கிடங்கில் நடக்கும் வெளிச்சம்

மாடிப்படி ஒயரிங்குக்கு ஒரு தம்பி உண்டு. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்த பிள்ளைகளைக் கேளுங்கள், "ஸ்டேர்கேஸ் ஒயரிங், கோடவுன் ஒயரிங்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது பலகையில் மாட்டிச் செய்து காட்டும் பயிற்சி. நம் பக்கத்தில் அது நிஜமான வேலை.

பழைய டேனரிக் கிடங்குகள் நீளமானவை. ஜன்னல் குறைவு. இரண்டு பக்கமும் தோல் கட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். இன்னொரு கொட்டகையில் ஆவாரம்பட்டையும் வாட்டில் பட்டையும் காய்ந்து குவிந்திருக்கும். அங்கே அரிக்கேன் விளக்கை எடுத்துப் போவது நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு போவது மாதிரி. மின்விளக்குதான் வேண்டும். ஆனால் கணக்குப்பிள்ளை கடைசிக் கோடிக்குப் போய்ப் பத்து உருப்படி எண்ணிவிட்டு வருவதற்காக, கிடங்கு முழுக்க விளக்கு எரிய எந்த முதலாளி சம்மதிப்பார்?

இதற்குத்தான் கோடவுன் ஒயரிங். வாசலில் ஒரு சாதாரண சுவிட்ச். அதைப் போட்டால் முதல் விளக்கு எரியும். கொஞ்ச தூரம் நடந்து இரண்டாவது சுவிட்சைத் தட்டினால் அடுத்த விளக்கு எரியும், பின்னால் விட்டுவந்தது அணையும். அடுத்ததைத் தட்டினால் அதற்கடுத்த விளக்கு. வெளிச்சம் நம்மோடு நடந்து வரும். திரும்பி வரும்போது கடைசி சுவிட்சிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தால், விளக்குகள் பின்னாலிருந்து அணைந்து, வாசல் வரை நம்மைக் கொண்டுவந்து விடும். வாசல் சுவிட்சை நிறுத்திப் பூட்டிவிட்டு வரவேண்டியதுதான். மூன்று விளக்குக்கு ஒரு சாதாரண சுவிட்சும் இரண்டு டூ-வேயும் போதும். எந்த நேரத்திலும் ஒரு பல்புதான் எரியும். சிக்கனத்துக்குச் சிக்கனம், பத்திரத்துக்குப் பத்திரம்.

இந்த ஒயரிங்கில் ஒரு நிபந்தனை உண்டு. போகிறவர் ஒருவராக இருக்க வேண்டும். உள்ளே ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் வந்து நடுவில் ஒரு சுவிட்சைத் தட்டினால், உள்ளே இருப்பவர் கும்மிருட்டில் நிற்பார். "யார்றா அது?" என்ற சத்தம் கிடங்குக்குள்ளிருந்து வருவது அந்தக் காலத்தில் சகஜம். நாங்கள் வெளியே நின்று சிரிப்போம். ஒரு விளக்கைப் பல கைகள் ஆள்வதில் இருக்கும் ஆபத்தின் சின்ன வடிவம் அது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மிச்சம் பிடித்த ஒரு ஒயர்

1960-களில் செம்பு கிடைப்பது கஷ்டம். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. வீட்டு ஒயரிங்குக்கு அலுமினிய ஒயர் வந்தது அதனால்தான். 1970-களில் இன்னொரு மாற்றம். 1972-ல் சீதாராமையா குழு, தோலைப் பாதிப் பதனிட்டு ஏற்றுமதி செய்வதைக் குறைத்து முழுமையாகச் செய்து முடித்த தோலாக அனுப்ப வேண்டும் என்றது. அரசாங்கமும் அதன்படி கட்டுப்பாடு கொண்டுவந்தது. நம் பக்கத்து டேனரிகளில் புதுப்புது மெஷின், புதுக் கொட்டகை, மேலே ஒரு மாடி என்று அவசர அவசரமாகக் கட்டினார்கள். லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் குறைவு, வேலை அதிகம். கை பழகியவனெல்லாம் ஒயர்மேன் ஆனான்.

அப்போது ஒரு குறுக்குவழி பரவியது. முறைப்படி செய்தால் கீழ் சுவிட்சிலிருந்து மேல் சுவிட்சுக்கு இரண்டு இணை ஒயர் இழுக்க வேண்டும். குறுக்குவழிக்காரர் யோசித்தார்: கீழேயும் ஃபேஸ், நியூட்ரல் இருக்கிறது, மேலேயும் இருக்கிறது. கீழ் சுவிட்சின் ஒரு பக்கம் ஃபேஸ், இன்னொரு பக்கம் நியூட்ரல். மேல் சுவிட்சிலும் அப்படியே. இரண்டு காமன்களிலிருந்தும் ஆளுக்கொரு ஒயர் நேராக விளக்குக்கு. ஒரு முனையில் ஃபேஸும் மறுமுனையில் நியூட்ரலும் வந்தால் எரியும். இரண்டும் ஒன்றாகிவிட்டால் அணையும். ஒயர் மிச்சம். முதலாளிக்கும் சந்தோஷம்.

எங்கே தப்பு? விளக்கு அணைவது இரண்டு விதத்தில். இரண்டு முனையிலும் நியூட்ரல் வந்தாலும் அணையும். இரண்டு முனையிலும் ஃபேஸ் வந்தாலும் அணையும். கீழே நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே இருட்டுதான். ஆனால் இரண்டாவது இருட்டில் ஹோல்டரின் இரண்டு பின்னிலும் 230 வோல்ட் உயிரோடு நிற்கிறது. அமெரிக்காவில் இதற்குக் கார்ட்டர் முறை என்று பெயர். அங்கே 1923-லேயே இதைத் தடை செய்துவிட்டார்கள். நம் நாட்டின் 1956 மின்சார விதிகளிலும், எர்த் செய்த நியூட்ரலில் தனியாக சுவிட்சோ ஃபியூஸோ வரக்கூடாது என்று தெளிவாக இருந்தது. விதி புத்தகத்தில் இருந்தது. ஒயர் சுவரில் இருந்தது.

1976 மழைக்காலம். நம் பக்கத்து ஒரு டேனரி. பெயர் வேண்டாம். கீழே கிடங்கு, மேலே ஆபீஸும் தரம் பிரிக்கும் கூடமும். மாடிப்படி விளக்கின் ஹோல்டர் விரிசல் விட்டிருந்தது. மாற்றச் சொல்லி ஒரு பையனை அனுப்பினார்கள். எங்கள் மேஸ்திரியிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தவன், பாலாற்றங்கரை கிராமத்துப் பையன், பத்தொன்பது வயது இருக்கும். கீழ் சுவிட்சைத் தட்டினான். எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்தது. இரும்பு ஏணியைச் சாய்த்து ஏறினான். பல்பைக் கழற்றி, ஹோல்டர் மூடியைத் திருகினான். அடுத்த நொடி ஏணியோடு கீழே கிடந்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவனை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். உயிர் இருந்தது. இடுப்பு போய்விட்டது. அங்கே கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "சுவிட்சை ஆஃப் பண்ணாமலே ஏறிட்டான்." மானேஜர் ரிஜிஸ்டரில் அப்படியே எழுதியும் விட்டார். ஊழியரின் அஜாக்கிரதை. அந்த ஒரு வரி போதும். நஷ்ட ஈட்டுப் பேச்சே எழாது.

மேஸ்திரி வந்தார். யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. ஏணியை நிமிர்த்தி ஏறி, டெஸ்டரை ஒரு பின்னில் வைத்தார். எரிந்தது. இன்னொன்றில் வைத்தார். அதுவும் எரிந்தது. என்னைக் கூப்பிட்டு, கீழ் சுவிட்சைத் தட்டச் சொன்னார். பிறகு மேல் சுவிட்சை. பிறகு மறுபடி கீழே. நான்கு நிலையிலும் இரண்டு பின்னையும் தொட்டுத் தொட்டு, சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு சுவிட்சுகளைக் கழற்றி, மானேஜர் கண் முன்னால் ஒயரைப் பிரித்துக் காட்டினார்.

"சார், பையன் சுவிட்சை ஆஃப் பண்ணான். வெளக்கு அணைஞ்சுது. அவன் பார்த்துட்டுத்தான் ஏறினான். வெளக்கு அணைஞ்சா கரண்ட் போச்சுன்னுதான் நாம எல்லாரும் நெனைக்கிறோம். இங்க கரண்ட் போகல. ரெண்டு பக்கமும் வந்து நின்னுக்கினு இருந்துது. இது அவன் தப்பு இல்ல, இதை இழுத்தவன் தப்பு. நீங்க எழுதினத மாத்துங்க" என்றார்.

அவ்வளவு பெரிய மனிதர்கள் நடுவில் ஒரு மேஸ்திரி இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அரை மணி நேரம் வாக்குவாதம். முதலாளி பெரியவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவர், கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். ரிஜிஸ்டரில் அந்த வரியை அடித்துவிட்டு, ஒயரிங் பழுது என்று எழுதினார்கள். பையனுக்கு ஆஸ்பத்திரிச் செலவும் நஷ்ட ஈடும் கிடைத்தன. அவன் மறுபடி ஏணி ஏறவே இல்லை. அதே டேனரியில் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார்கள். பல வருடம் கழித்து அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்று பேசுவேன். ஹோல்டரைப் பற்றி அவன் பேசமாட்டான். ரிஜிஸ்டரைப் பற்றித்தான் பேசுவான். "தப்பு என்னுதுன்னு எழுதினத அடிச்சாங்க இல்ல அண்ணே" என்பான்.

அந்த வாரமே மேஸ்திரி எங்களைக் கூட்டிக்கொண்டு, தெரிந்த டேனரிகளில் மாடிப்படி சுவிட்சுகளையெல்லாம் திறந்து பார்த்தார். இன்னும் சில இடங்களில் அதே குறுக்குவழி இருந்தது. பெரிய வீடு ஒன்றில் அதைவிட மோசம். கீழ்த்தளத்துக்கு ஒரு ஃபேஸ், மாடிக்கு வேறு ஃபேஸ். அப்படி இருந்தால் இரண்டு பக்கமும் ஃபேஸ் வரும்போது விளக்கு அணையாது. 400 வோல்ட் பாய்ந்து பல்பு பொட்டென்று போகும். அந்த வீட்டுக்காரர் மாடிப்படியில் மட்டும் ஏன் பல்பு தங்குவதில்லை என்று வாஸ்து பார்க்கிறவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்!

பீஸ் கட்டை பையில்

இன்னொன்று. முறைப்படி செய்த டூ-வே ஒயரிங்கிலும் ஒரு விஷயம் உண்டு. சாதாரண சுவிட்ச் கீழ்ப்பக்கம் இருந்தால் ஆன், மேல்பக்கம் இருந்தால் ஆஃப் என்று கண்ணால் பார்த்துச் சொல்லலாம். டூ-வேயில் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு சுவிட்சின் அடையாளம் இன்னொரு சுவிட்சின் கையில் இருக்கிறது. நாம் கீழே நிறுத்திவிட்டு ஏணியில் நிற்கும்போது, மேலிருந்து இறங்கி வருகிற குழந்தை பழக்கதோஷத்தில் தட்டிவிட்டால் போதும்.

அதனால் எங்கள் மேஸ்திரி ஒரு சட்டம் வைத்தார். மாடிப்படி விளக்கில் கை வைப்பதற்கு முன் மெயின் போர்டுக்குப் போய், நாங்கள் பீஸ் கட்டை என்று சொல்லும் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏணி ஏற வேண்டும். பலகை மேல் வைக்கக்கூடாது, பக்கத்தில் நிற்பவரிடம் கொடுக்கக்கூடாது, பையில்தான். பிடுங்கிய பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பீஸ் கட்டை போய் எம்.சி.பி. வந்த பிறகு, சிப்காட் தொழிற்சாலையில் அதைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளும் முறை வந்தது. பயிற்சி வகுப்பில் அதைப் புதிய பாதுகாப்பு முறை என்று சொன்னார்கள். எனக்கு மேஸ்திரியின் பைதான் ஞாபகம் வந்தது.

கரண்ட் போன காலமும் எல்.ஈ.டி. காலமும்

2008-லிருந்து சில வருடம் தமிழ்நாடு பட்ட மின்வெட்டு யாருக்கும் மறந்திருக்காது. அப்போது டூ-வே சுவிட்ச் ஒரு புதுத் தொல்லை கொடுத்தது. கரண்ட் போயிருக்கும்போது படி இறங்குகிறவர் சுவிட்சைத் தட்டிப் பார்ப்பார், எரியாது. மேலே போகிறவரும் தட்டிப் பார்ப்பார். கடைசியில் விளக்கு எரியும் நிலையில் இருக்கிறதா, அணைந்த நிலையில் இருக்கிறதா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்து படிக்கட்டு பளிச்சென்று எரியும். யார் எழுந்து போய் அணைப்பது என்று ஒரு சண்டை.

இப்போது எல்.ஈ.டி. காலம். "அணைத்த பிறகும் மாடிப்படி பல்பு மங்கலாக எரிகிறது, பேய் பிடித்திருக்கிறதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். பேய் இல்லை. இரண்டு இணை ஒயர்களும் நெடுந்தூரம் ஒட்டியே போகின்றன. ஒன்றில் மின்சாரம் இருந்தால் பக்கத்து ஒயரில் துளி கசியும். பழைய குண்டு பல்புக்கு அந்தத் துளி போதாது; எல்.ஈ.டி.க்கு அது போதும். பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனாலும் நியூட்ரலில் சுவிட்ச் இருந்தாலும் இதே மாதிரி மங்கலாக எரியும். அதனால் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

எப்படிப் பார்ப்பது? நீங்களே ஏற வேண்டாம்; நம் வயதுக்கு ஏணி சரிப்படாது. லைசென்ஸ் உள்ள ஒரு ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு, கீழும் மேலும் சுவிட்சுகளை மாற்றி மாற்றி நான்கு நிலையிலும் ஹோல்டரின் இரண்டு பின்னையும் டெஸ்டரால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பின்னில் நான்கு நிலையிலும் டெஸ்டர் எரியவே கூடாது. இன்னொன்றில் இரண்டு நிலையில் நன்றாக எரியும், மற்ற இரண்டில் எரியாது. அப்படி இருந்தால் உங்கள் மாடிப்படி சரி. இரண்டு பின்னும் மாறி மாறி எரிந்தால், உங்கள் சுவருக்குள் அந்தப் பழைய குறுக்குவழி இருக்கிறது. ஒரு பின் எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறது. இரண்டையும் அன்றே மாற்றிவிடுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அதையும் அதே கையோடு போட்டுவிடுங்கள்.

ஒயர்மேன் வந்திருக்கும்போதே இன்னொரு வேலையும் சொல்லுங்கள். படுக்கையறை வாசலில் இருக்கும் விளக்கு சுவிட்சை டூ-வேயாக மாற்றி, கட்டில் தலைமாட்டில் கை எட்டும் இடத்தில் இன்னொன்று போடச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூம் போக எழுகிறவருக்கு, கால் தரையில் படுவதற்கு முன்னால் வெளிச்சம் வந்துவிடும். அவர் மெயின் போர்டில் கை வைக்கும் முன் எம்.சி.பி.யை நிறுத்துகிறாரா, நிறுத்திவிட்டு டெஸ்டர் வைத்துப் பார்க்கிறாரா என்று மட்டும் பக்கத்தில் நின்று கவனியுங்கள்.